மீட்டரில் 12 வோல்ட், சக்கரத்தில் ஒன்றும் இல்லை

மே மாத நீண்ட வார இறுதிக்கு அல்கொன்குவின் பூங்காவுக்குப் போய்விட்டுத் திரும்பும்போதுதான் உறைத்தது. டோர்செட்டிலிருந்து மின்டன் வரைக்கும் 35ஆம் நெடுஞ்சாலை ஏறி இறங்கி, வளைந்து வளைந்து வரும். ஓர் இறக்கத்தில் பிரேக்கை மிதிக்கிறேன், ட்ரக் நிற்கப் பார்க்கிறது, பின்னால் மாட்டியிருக்கிற டிரெய்லருக்கு அந்த எண்ணமே இல்லை. முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி ஒரு உந்தல். டிரெய்லர் பிரேக்குக்கு மின்சாரம் அனுப்புகிற பெட்டியான கன்ட்ரோலரில் இருக்கிற கை லீவரைத் தனியாகத் தள்ளிப் பார்த்தேன். வழக்கமாக அதைத் தொட்டாலே டிரெய்லர் ட்ரக்கைப் பின்னால் இழுக்கும், அன்றைக்குப் பேருக்கு ஓர் இழுப்பு. அடுத்த வளைவில் திடீரென்று நன்றாகப் பிடித்தது. அதற்கடுத்த இறக்கத்தில் மறுபடியும் இல்லை.

24 அடி டிரெய்லர், இரண்டு ஆக்சில், நான்கு சக்கரத்திலும் 10 அங்குல எலக்ட்ரிக் டிரம் பிரேக். சாமான் ஏற்றினால் மூன்று டன்னைத் தொடும். ஒன்டாரியோவில் மொத்த எடை 1,360 கிலோவைத் தாண்டினாலே டிரெய்லருக்குத் தனி பிரேக் இருக்கவேண்டும் என்பது சட்டம். நான் இழுத்துக்கொண்டு வந்தது அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். அங்கேயே ஓரம் கட்டிப் பார்த்திருக்கவேண்டும். பார்க்கவில்லை. கியரைக் குறைத்து, 60ல் ஊர்ந்து, பின்னால் ஒரு வண்டி வரிசையையே சேர்த்துக்கொண்டு ஏஜாக்ஸ் வந்து சேர்ந்தேன். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை காலையில் வீட்டு முன்னால் வேலையை ஆரம்பித்தேன். முதலில் செய்தது கெயினை, அதாவது கன்ட்ரோலரில் பிரேக்கின் பலத்தைக் கூட்டிக் குறைக்கிற அளவை, 6லிருந்து 10க்கு ஏற்றியது, வலிக்கிற இடத்தைப் பார்க்காமல் மாத்திரையைக் கூட்டுகிற மாதிரி. பெரிய மாற்றம் இல்லை. கன்ட்ரோலர் திரையில் டிரெய்லர் இணைந்திருப்பதாகவே காட்டியது. டிரெய்லரில் எல்லா விளக்கும் எரிந்தது. டிரெய்லர் வயர் மாட்டுகிற, ட்ரக்கின் ஏழு முனை (பின்) சாக்கெட்டில் மீட்டரை வைத்து, வீட்டுக்காரியை சீட்டில் உட்காரவைத்து லீவரைத் தள்ளச் சொன்னேன். பிரேக்குக்கான நீல வயர் பின்னுக்கும் மின்சாரம் திரும்பி வருகிற வழியான எர்த்துக்குரிய வெள்ளை வயர் பின்னுக்கும் நடுவே 12.4 வோல்ட். ட்ரக் சரி, அப்படியென்றால் டிரம்முக்குள் பிரேக்கை இயக்குகிற மின்காந்தங்கள் தேய்ந்துவிட்டன என்று முடிவுகட்டி நான்கு சக்கரத்துக்கும் புது பிரேக் செட் வாங்கப் போனில் தேட ஆரம்பித்துவிட்டேன்.

அந்த 12.4ஐப் பற்றி இரண்டு விஷயம். கன்ட்ரோலர் அனுப்புவது எப்போதும் சீரான மின்சாரம் அல்ல. விட்டுவிட்டு வருகிற துடிப்பு, துடிப்பின் அகலத்தைக் கூட்டிக் குறைத்துத்தான் பிரேக்கின் பலத்தை அது கூட்டிக் குறைக்கிறது. அதனால் கெயினை உச்சத்தில் வைத்து லீவரை முழுக்கத் தள்ளினால்தான் சாதாரண மீட்டர் காட்டுகிற எண்ணுக்கு அர்த்தம் உண்டு. அதை நான் சரியாகத்தான் செய்தேன். (சில ட்ரக்குகளில் கம்பெனியே உள்ளே வைத்துத் தருகிற கன்ட்ரோலர், டிரெய்லர் மாட்டியிருப்பதை உணராவிட்டால் மின்சாரமே அனுப்பாது. என்னுடையது டாஷ்போர்டுக்கு அடியில் நானே திருகி வைத்த பெட்டி, அந்தத் தொல்லை இல்லை.) இரண்டாவது விஷயத்தில்தான் கோட்டை விட்டேன். மீட்டர் தனக்கென்று கரண்டே எடுக்காது. முடி அளவு ஒட்டிக்கொண்டிருக்கிற துருப்பிடித்த இணைப்பு வழியாகக்கூட 12 வோல்ட் மீட்டருக்கு அழகாக வந்து சேரும். காந்தமோ ஒவ்வொன்றும் சுமார் 3 ஆம்பியர் கேட்கும், நான்குக்கு 12. அவ்வளவு கரண்ட் அந்த முடி வழியாகப் போகாது.

இது எனக்குத் தெரியாத பாடமா என்றால் இல்லை, பாலிடெக்னிக்கில் படித்ததுதான். மூளையில் தட்டிவிட ஆள் தேவைப்பட்டது. எதிர்வீட்டு அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர், ஊரில் கராஜ் வைத்திருந்தவர், இங்கே இருபது வருடமாக லாரி ஓட்டுகிறார். தேநீர்க் கோப்பையோடு வந்து கொஞ்ச நேரம் பேசாமல் நின்று பார்த்தார்.

"எர்த் சரியோ எண்டு பாத்தனீரோ?"

"லைட்டெல்லாம் நல்லா எரியுதுண்ணே."

"உது எல்.இ.டி. தம்பி, உதுக்கு என்ன கரண்ட் வேணும்? பந்தில இருந்து டிரெய்லரைக் கழட்டிப்போட்டு, பிளக்கை மட்டும் கொழுவிப் பாரும்."

எனக்கு அந்த நொடியில்தான் பொறிதட்டியது. ட்ரக்கையும் டிரெய்லரையும் இணைக்கிற ஹிட்ச் பந்தும் இரும்பு, அதன்மேல் உட்காருகிற கிண்ணமும் இரும்பு. வெள்ளை வயர் செத்தாலும் எர்த் அந்தப் பந்து வழியாகத் திருட்டுத்தனமாகப் போய்வந்துகொண்டிருக்கும். பந்தில் கிரீஸ் தடவியிருப்பதால் அது நம்ப முடியாத பாதை. வளைவில் இரும்பும் இரும்பும் உரசினால் பிடிக்கும், நேர் ரோட்டில் விட்டுவிடும். 35ஆம் நெடுஞ்சாலையில் நடந்தது அதேதான்.

சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டு, முன் ஜாக்கியில் டிரெய்லரை நிறுத்தி, பந்திலிருந்து தூக்கினோம். பிளக் மட்டும் மாட்டியிருந்தது. லீவரைத் தள்ளியதும் டிரெய்லரின் பின்விளக்கு மங்கியது. விட்டதும் பழையபடி பிரகாசம். மீட்டரின் ஒரு முனையை டிரெய்லரின் முன்சட்டத்தில் சுரண்டி வைத்த இடத்திலும் மறுமுனையை ட்ரக் பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்தேன் (நீள வயர் ஒன்று ஒட்டுப்போடவேண்டியிருந்தது). எர்த்துக்கும் எர்த்துக்கும் நடுவே கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டவேண்டும். லீவரைத் தள்ளும்போது 4.2 வோல்ட். பிரேக்குக்குப் போகவேண்டிய மின்னழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு திரும்பி வருகிற வழியிலேயே தொலைந்துகொண்டிருந்தது. வயரைக் கவ்விக் கரண்டை அளக்கிற டி.சி. கிளாம்ப் மீட்டரை நீல வயரில் போட்டால் 4.3 ஆம்பியர். 12 வரவேண்டிய இடத்தில்.

கிளாம்ப் மீட்டர் இல்லாதவர்கள் பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றை எடுத்து, சாக்கெட்டின் நீல பின்னுக்கும் வெள்ளை பின்னுக்கும் நடுவே மாட்டி, அது எரியும்போதே மீட்டரைப் பார்க்கலாம். நானும் ஆசைக்கு ஒருமுறை செய்து பார்த்தேன்: பல்பு இல்லாமல் 12.4 காட்டிய அதே சாக்கெட், 55 வாட் பல்பை மாட்டியதும் 9க்குக் கீழே வந்தது. காலையில் இதைச் செய்திருந்தால் அரை நாள் மிச்சம்.

ட்ரக்கின் அடியில் படுத்து வெள்ளை வயரைத் தொடர்ந்து போனேன். பின் பம்பருக்கு உள்பக்கம் சட்டத்தில் ஒரு போல்ட்டில் வளையம் வைத்து முறுக்கியிருந்தார்கள். ஸ்பேனர் வைத்ததும் போல்ட் தலை உதிர்ந்தது, வளையம் விரலில் பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. பனிக்காலம் முழுக்க ரோட்டில் கொட்டுகிற உப்பு வந்து சேர்வதற்கென்றே செய்த மூலை அது. உப்பு அரித்ததை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பளபளவென்று இரும்பு தெரிகிறவரைக்கும் சுரண்டி, பக்கத்தில் புதிதாக ஒரு துளை போட்டு, 10 கேஜ் வயரில் புது வளையம் அழுத்தி, பல் வாஷர் வைத்து முறுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். சாக்கெட்டைத் திறந்தால் உள்ளேயும் பச்சைப் பூ. அதையும் மாற்றிவிட்டேன், விலை இருபது சொச்சம் டாலர், சுத்தம் பண்ணுகிற நேரத்துக்கு அது மேல்.

எர்த்துக்கும் எர்த்துக்கும் நடுவே இப்போது 0.2 வோல்ட். ஆனால் கிளாம்ப் மீட்டரில் 6.6 ஆம்பியர்தான், 12ல் பாதி சொச்சம். அண்ணை கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப ரெண்டு சில்லு வேலை செய்யேல்லை" என்றார்.

இந்த இடத்தில் ஒரு சோதனை செய்தேன், அதைத்தான் காலையில் முதல் வேலையாகச் செய்திருக்கவேண்டும். டிரெய்லர் ட்ரக்கைவிட்டுக் கழன்று ஓடினால் தானாக பிரேக் பிடிப்பதற்காக முன்சட்டத்தில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். அதன் முள்ளை மெல்லிய கம்பிவடம் ட்ரக்கோடு கட்டியிருக்கும். முள் உருவினால் டிரெய்லரின் சொந்த பேட்டரி நேராக நான்கு காந்தத்துக்கும் போகும். ட்ரக்கின் வயர், கன்ட்ரோலர், எர்த் எதற்கும் இதில் பங்கே இல்லை. பிளக்கைக் கழற்றிவிட்டு (மாட்டியபடி உருவினால் கன்ட்ரோலர் கெட வாய்ப்பு உண்டு) முள்ளை உருவினேன்: 6.9 ஆம்பியர். ட்ரக் பக்கம் முடிந்தது, மிச்சக் கோளாறு முழுக்க டிரெய்லருக்குள்தான் என்று ஒரே அளவில் தெரிந்துவிட்டது. காலையில் இதைச் செய்திருந்தால் ட்ரக் வழியாக 4.3, தனியாக 6.9, ஆகவே கோளாறு இரண்டு என்று காகிதத்திலேயே எழுதியிருக்கலாம்.

எந்த இரண்டு சக்கரம்? மகளின் பள்ளிக்கூட அறிவியல் பெட்டியில் ஒரு திசைகாட்டி இருந்தது. பிரேக் போட்டு வைத்து ஒவ்வொரு சக்கரத்தின் உள்பக்கமாக அதைக் கொண்டுபோனால், காந்தம் உயிரோடு இருக்கிற இடத்தில் முள் துள்ளும். முன் ஆக்சிலில் இரண்டு பக்கமும் துள்ளியது. பின் ஆக்சிலில் வடக்கையே பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டும் ஒன்றாகச் செத்தால் காந்தத்தைச் சந்தேகப்படுவதில் பலன் இல்லை, இரண்டுக்கும் பொதுவான வயரைத்தான் பார்க்கவேண்டும். பின் ஆக்சிலுக்கு நீல வயர் பிரிகிற இடத்தில் வயரைக் கடித்துப் பிடிக்கிற பிளாஸ்டிக் இணைப்பு ஒன்று, கறுத்துச் சுருங்கிப்போயிருந்தது. தொட்டதும் வயர் கையோடு வந்துவிட்டது. வெட்டி எறிந்துவிட்டு, பசை உள்ள சுருங்கு குழாய் போட்டு ஒழுங்காக இணைத்தேன். பெருமூச்சு விட்டு லீவரைத் தள்ளச் சொன்னால் கன்ட்ரோலர் ஷார்ட் என்று எச்சரித்துவிட்டு மின்சாரத்தை நிறுத்திவிட்டது. சரிசெய்ததும் முன்னைவிட மோசம்!

கொஞ்ச நேரம் படுத்தபடியே யோசித்தேன். போன அக்டோபரில், கொட்டுகிற மழையில் 401ஆம் நெடுஞ்சாலையில் வரும்போது இதே கன்ட்ரோலர் ஒருமுறை ஓவர்லோட் என்று கண் சிமிட்டியிருந்தது. அப்புறம் வரவே இல்லை, நானும் மறந்துவிட்டேன். அதாவது எங்கேயோ நீல வயர் இரும்பைத் தொட்டிருக்கிறது, எகிறிய கரண்டில் அந்த அரைகுறை இணைப்பு வெந்து அறுந்திருக்கிறது, அறுந்ததால் ஷார்ட்டும் காணாமல்போயிருக்கிறது, கூடவே பின் ஆக்சிலின் பிரேக்கும். நான் வயரை ஒட்டியதும் பழைய ஷார்ட் உயிர்த்துவிட்டது.

பின் சக்கரங்களில் வயர்களைக் கழற்றி ஒவ்வொரு காந்தமாக அளந்தேன். 3.3 ஓம், 3.1 ஓம். இந்த அளவு காந்தத்துக்கு, ஆக்சில் செய்கிற டெக்ஸ்டர் கம்பெனியின் கையேட்டில் இருப்பது 3.2, ஆக நல்ல காந்தம்தான். வயருக்கும் பின்தகட்டுக்கும் நடுவே தொடர்பு இல்லை, அதுவும் நல்லது. காந்தத்தின் இரண்டு வயருக்கும் பிளஸ் மைனஸ் கிடையாது, எதை எதோடு இணைத்தாலும் சரி. மிச்சம் இருந்தது இடது சக்கரத்திலிருந்து வலது சக்கரத்துக்கு ஆக்சில் குழாய்க்கு உள்ளேயே ஓடுகிற வயர். இரண்டு முனையையும் விடுவித்துவிட்டு வயருக்கும் ஆக்சிலுக்கும் நடுவே அளந்தால் பீப் என்றது மீட்டர். உருவி எடுத்தேன். குழாய்க்குள் நுழைகிற துளையில் ரப்பர் வளையம் எதுவும் இல்லை. வெட்டிய இரும்பு விளிம்பில் வருடக்கணக்காக ஆடி ஆடி, உறை தேய்ந்து இரண்டு அங்குலத்துக்கு செம்பு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

புது வயரை உள்ளே விடவில்லை. எல்லாரும் பழைய வயரிலேயே புதியதைக் கட்டி இழுத்துவிடு என்பார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஆடுகிற வயர் மறுபடியும் அதையேதான் செய்யும். நெளிவுக்குழாய்க்குள் இரட்டை வயரைப் போட்டு, ஆக்சிலின் பின்பக்கமாகக் கல் அடிக்காத உயரத்தில் வைத்து, அரை அடிக்கு ஒரு டை கட்டினேன். பார்க்க அசிங்கம்தான். ஆனால் குனிந்து பார்த்தால் தெரியும்.

11.8 ஆம்பியர். அண்ணையைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இனி டிரம்மைக் கழட்டிப் பாரும்" என்றார், பாராட்டெல்லாம் இல்லை.

அவர் சொன்னது நியாயம். எலக்ட்ரிக் பிரேக்கில் மின்சாரம் சக்கரத்தை நிறுத்துவதில்லை. காந்தம் சுழல்கிற டிரம்மின் உள்முகத்தில் ஒட்டப் பார்க்கிறது, டிரம் அதைத் தன்னோடு இழுக்கிறது, அந்த இழுப்பில் ஒரு கை திரும்பி, ஷூ என்கிற வளைந்த பிரேக் கட்டையை டிரம்மின் மேல் அழுத்துகிறது. பலம் சக்கரச் சுழற்சியிலிருந்தே வருகிறது. ஆகவே ஆம்பியர் சரியாக இருந்தும் ஷூ வழுக்கினால் பயன் இல்லை.

ஜாக்கியை ஆக்சில் குழாய்க்கு அடியில் கொடுக்கக்கூடாது, குழாய் வளைந்துவிடும். சட்டத்துக்கு அடியில் கொடுத்து ஸ்டாண்டு வைத்தேன். சக்கரம், மூடி, பிளவு முள், நட் எல்லாம் கழற்றி டிரம்மை இழுத்தால், முன் டிரம்களில் காந்தம் உரசுகிற வட்டம் கண்ணாடி மாதிரி மின்னியது, பின் டிரம்களில் அதே வட்டம் செம்மண் நிறத்தில் துரு. அக்டோபர் மழையிலிருந்தே நான் இரண்டே சக்கர பிரேக்கில் ஓட்டிக்கொண்டிருந்தேன் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். எர்த்தும் போனபிறகுதான் எனக்கு உறைத்திருக்கிறது.

பின் இடது சக்கரத்தில் இன்னொரு அதிர்ச்சி, இதற்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. ஷூ முழுக்க கிரீஸ். ஆக்சில் முனையில் கிரீஸ் கன்னை வைத்து அடிக்க ஒரு நிப்பிள் இருக்கிறது. சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிக்கொண்டே மெதுவாக அடிக்கவேண்டும். நான் போன வருடம் சக்கரத்தைத் தரையில் வைத்தபடியே அவசரமாக அடித்து, கிரீஸைத் தடுக்கிற பின்பக்க சீல் வளையத்தைத் தள்ளி, கிரீஸை பிரேக்குக்குள் அனுப்பியிருக்கிறேன். கிரீஸ் ஊறிய லைனிங்கை, அதாவது ஷூவின் மேல் இருக்கிற உரசு பட்டையை, பெட்ரோலில் கழுவி மாட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது சூடானதும் மறுபடியும் கசியும். தவிர ஒரே ஆக்சிலில் ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் இழுப்பும் ஒரு பக்கமாகப் போகும். பின்தகடு, ஷூ, காந்தம் எல்லாம் சேர்ந்த முழு செட்டாக இடது வலது ஒரு ஜோடி வாங்கினேன், 150 டாலருக்குள் முடிந்தது. நான்கு நட், இரண்டு வயர், அவ்வளவுதான் மாற்றும் வேலை. இடதும் வலதும் மாறக்கூடாது: லைனிங் குட்டையாக இருக்கிற ஷூ வண்டியின் முன்பக்கம் பார்க்கவேண்டும். புது சீல், பேரிங்கைக் கழுவிப் புது கிரீஸ், நட்டைச் சக்கரம் சுழற்றியபடியே இறுக்கி, அப்புறம் தளர்த்தி விரலால் மட்டும் முறுக்கி, முள்ளைப் போட்டேன். பின் டிரம்களின் துருவை உப்புத்தாளால் எடுத்தாயிற்று.

ஷூ இடைவெளியைப் பின்தகட்டில் இருக்கிற நீள்துளை வழியாக நட்சத்திரச் சக்கரத்தைத் திருப்பிச் சரிசெய்யவேண்டும். கையால் சுழற்ற முடியாத அளவுக்கு இறுக்கி, பிறகு லேசான உரசல் மட்டும் கேட்கிற வரைக்கும் தளர்த்தினேன். முன் சக்கரங்களிலும் இது ஏகத்துக்குத் தளர்ந்துதான் இருந்தது. நான்கையும் முடிக்க ஞாயிறு மாலை ஆகிவிட்டது, கழுத்து ஒரு பக்கமாகத் திரும்ப மறுத்தது.

சோதனை ஓட்டத்துக்கு வண்டி வராத ஒரு நேர் ரோட்டைத் தேடிப் போனேன். புது ஷூ டிரம்மோடு படிய 65 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 30க்கு லீவரால் மட்டும் இறக்கி, நடுவில் ஆறவிட்டு, இருபத்தைந்து தடவை செய்தேன். முதல் ஐந்தாறு தடவை சுமார்தான், பத்துக்கு மேல் நன்றாக வேறுபாடு தெரிந்தது. அப்புறம் கெயின்: 40ல் போய் லீவரை முழுக்கத் தள்ளி, டயர் பூட்டிக்கொண்டு கிறீச்சிடுகிற வரைக்கும் ஏற்றி, அதிலிருந்து கொஞ்சம் இறக்கவேண்டும். 6.5ல் கிறீச்சிட்டது, 5.5ல் வைத்திருக்கிறேன். முன்பு 10 வைத்தும் பிடிக்காத அதே டிரெய்லர்.

சக்கர நட்டுகளை 15, 40, 80 கிலோமீட்டரில் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடியும் முறுக்கினேன். 40ல் பின் இடதில் இரண்டு நட் அரைத் திருப்பு போயின. முள் சுவிட்சை இன்னொரு முறை உருவிப் பார்த்தேன், நான்கும் பூட்டின. டிரெய்லர் பேட்டரிக்குத்தான் வயசாகிவிட்டது, பத்து நிமிடத்தில் 11.4க்கு இறங்கிவிடுகிறது, ஜூலையில் கில்பேர் பூங்காவுக்குப் போவதற்குள் அதை மாற்றியாகவேண்டும். அண்ணை வேறு தன் படகு டிரெய்லரின் விளக்கு ஒரு பக்கம் எரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எர்த் பார்த்தீர்களா என்று கேட்டேன், முறைத்தார்.